‘தோமாவின் பணிகள்’: ஒரு நூற்சான்றின் எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

திருத்தூதர் தோமா இந்தியாவுக்கு வந்தார் என்னும் மரபை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல் ‘தோமாவின் பணிகள்’. அதில் வரும் அரசர் ஒருவரின் பெயர் நாணயங்களால் உறுதிப்பட்டதைக் கொண்டு, அந்நூல் கூறும் நிகழ்ச்சிகளையும் வரலாறாகக் கொள்ளும் வாதமுறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மறுப்போரின் வாதமும் அதே அளவுகோலால் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொல்கிறித்தவம், தோமா, எதெசா, கோண்டோபரஸ், மயிலாப்பூர், மூலபாடத் திறனாய்வு.

முன்னுரை

தோமாவின் வருகை குறித்த விவாதம் நூறாண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ ஒரே தடத்தில் செல்கிறது. 1892இல் ஜார்ஜ் மில்ன் ரே, தென்னிந்திய மரபு மேற்காசியக் கிறித்தவர்களோடு இடம்பெயர்ந்து வந்தது என வாதிட்டார். 1905இல் ஆயர் மெட்லிகாட் அதை மறுத்து, தோமா தென்னிந்தியாவில் இறந்தார் என்பதை நிறுவ முயன்றார். 1926, 1927 ஆம் ஆண்டுகளில் ஃபர்குகர் எழுதிய இரு கட்டுரைகள் திருத்தூதரை முதலில் வடக்கிலும் பின்னர் தெற்கிலும் காட்டி இரு மரபுகளையும் இணைக்க முனைந்தன. மூவரின் முடிவுகளும் வேறானவை; ஆயினும் ‘தோமாவின் பணிகள்’ நூலிலிருந்து தோமா சென்ற வழியைக் கண்டறிய முடியும் என்ற நம்பிக்கை இவ்விவாதம் முழுவதிலும் காணப்படுகிறது. அந்நம்பிக்கையே இங்கு ஆய்வுக்குரியது.

நூலும் அதன் வடிவங்களும்

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எதெசா நகரில் அல்லது அதன் பண்பாட்டு வட்டத்தில், சிரியாக் மொழியில் இந்நூல் தோன்றியது என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. எருசலேமில் திருத்தூதர்கள் சீட்டுப் போட, இந்தியா யூதா தோமாவின் பங்காகிறது. அவர் செல்ல மறுக்கவே, இயேசு அவரை ஹப்பான் என்னும் வணிகனுக்கு அடிமையாக விற்கிறார். குத்னபார் மன்னன் அரண்மனை கட்டக் கொடுத்த பொருளைத் தோமா ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறார். அரண்மனை விண்ணுலகில் எழுகிறது. இறுதியில் மஸ்தாய் என்னும் வேறோர் அரசனின் ஆணையால் மலையொன்றில் ஈட்டிகளால் குத்திக் கொல்லப்படுகிறார்.

இக்கதை ஒரே வடிவில் கிடைக்கவில்லை. 1871இல் வில்லியம் ரைட் பதிப்பித்த சிரியாக் பாடம் பிற்காலத் திருத்தங்களை ஏற்றது. கிரேக்க மொழிபெயர்ப்பு சில இடங்களில் பழைய பாடத்தைக் காக்கிறது. இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாத முடிவுகள் எளிதில் வழுவுகின்றன. தோமா கரையேறிய ஊரைக் கிரேக்கப் பாடம் ‘ஆந்திராபொலிஸ்’ என்கிறது. அதனை ஆந்திரரோடு இணைத்தோர் உண்டு. சிரியாக் பாடத்திலோ அவ்வூர் ‘சந்தரூக்’. மூலத்தில் இருந்த பெயர் எது என்பதே தெளிவாகாத நிலையில், அதைக் கொண்டு நிலப்படம் வரைவது முறையாகாது.

நாணயம் மெய்ப்பித்தது எது?

1830களில் ஆப்கானிஸ்தானில் சார்லஸ் மேசன் திரட்டிய நாணயங்கள் கோண்டோபரஸ் என்னும் இந்தோ-பார்த்திய மன்னரை வெளிப்படுத்தின. அவர் நூலின் குத்னபாரே எனக் கண்டபோது, கற்பனை என ஒதுக்கப்பட்ட நூலுக்கு வரலாற்று மதிப்புக் கிடைத்தது. தக்த்-இ-பாகி கல்வெட்டு அம்மன்னரின் 26ஆம் ஆட்சியாண்டைப் பெயர் குறிக்காத ஒரு சகாப்தத்தின் 103ஆம் ஆண்டோடு இணைக்கிறது. அச்சகாப்தம் கி.மு. 57இல் தொடங்கியது எனக் கொண்டால் கல்வெட்டின் காலம் கி.பி. 46, அது தோமாவின் காலத்தோடு பொருந்துகிறது. எனினும் சகாப்தத்தின் தொடக்கம் ஓர் ஊகமே. மேலும் கோண்டோபரஸ் என்ற பெயரைப் பின்வந்த அரசர் சிலரும் பட்டமாகத் தாங்கினர்.

காலப் பொருத்தத்தை முழுமையாக ஏற்றாலும், நூலாசிரியர் ஓர் உண்மையான அரசரின் பெயரை அறிந்திருந்தார் என்பதே மெய்ப்பிக்கப்படுகிறது. அவ்வறிவு எதெசாவுக்கு எட்டாததன்று. கீழை வணிக வழிகளோடு தொடர்புடைய அந்நகரில் வாழ்ந்த பர்தைசான் (154–222), இந்தியத் தூதரைச் சந்தித்து அறிந்தவற்றை எழுதினார் எனப் போர்ஃபிரி வழித் தெரிகிறது. புகழ்பெற்ற மன்னரின் பெயர் கதையில் இடம்பெற, கதைத்தலைவர் அவரது அவைக்குச் சென்றிருக்க வேண்டியதில்லை.

பெயர் ஒப்புமையின் இடர்

மஸ்தாய் என்னும் பெயர் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு. அதைக் குஷானர் நாணயங்களில் காணப்படும் வாசுதேவன் என்ற பெயரோடு சில்வேன் லெவி ஒப்பிட்டார். அவ்வழி கதை வடமேற்கே நிற்கும். மற்றொரு தரப்பு அதனை ‘மகாதேவன்’ என்பதன் திரிபாக்கித் தெற்கே கொண்டுசென்றது. ஒரே பெயர் இரு திசைகளுக்கும் வழிகாட்டுமாயின், அது எத்திசைக்கும் சான்றாகாது. ஈரானியப் பெயராக அதனை இயல்பாகவே விளக்கலாம். மிக்தோனியா என்னும் பெண்ணின் பெயர் மெசபொத்தேமியப் பகுதியொன்றின் பெயர். மன்னனின் தம்பி காத் என்பவனின் பெயர் சிரியாக் மொழியில் நற்பேற்றைக் குறிக்கும் சொல். கதைமாந்தர் பெயர்கள் பெரும்பாலும் ஆசிரியரின் சொந்த நிலத்தையே காட்டுகின்றன.

கல்லறைச் சான்றுகள்

தோமாவின் எலும்புகள் மேற்கே எடுத்துச் செல்லப்பட்டன என்று நூலே முடிகிறது. 4ஆம் நூற்றாண்டில் எஃப்ரேமின் பாடல்கள் எதெசாவில் அவை இருந்ததைப் பேசுகின்றன. 6ஆம் நூற்றாண்டில் தூர் நகர் கிரகோரி, இந்தியாவில் அவ்வுடல் முன்பு இருந்த இடத்தைக் குறிப்பிடுகிறார், ஊர்ப்பெயர் கூறவில்லை. சோழமண்டலக் கரையோடு கல்லறையைத் தெளிவாக இணைக்கும் புகழ்பெற்ற குறிப்பு 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த மார்க்கோ போலோவினது. நூல் சொல்லும் பெயரற்ற மலையைப் பரங்கிமலையாகக் காண்பது இப்பிற்கால மரபிலிருந்து நூலுக்குள் செல்லும் வாசிப்பே ஆகும், நூலிலிருந்து பிறப்பதன்று.

மறுப்போர் தரப்பிலும் குறை உண்டு. மயிலாப்பூரைச் சுட்டும் சான்றுகள் பிற்காலத்தன என்பதிலிருந்து, தோமா வரவே இல்லை என்ற முடிவு பிறவாது. முதல் நூற்றாண்டில் எகிப்தின் துறைமுகங்களிலிருந்து முசிறிக்குப் பருவக்காற்றின் துணையோடு கலங்கள் வந்தன. எனவே பயணம் இயலக்கூடியதே. ஆனால் இயலும் என்பது நிகழ்ந்தது என்பதற்கு ஈடாகாது. சான்றின்மை நிகழாமைக்கும் ஈடாகாது.

நூல் எதற்குச் சான்று?

வழித்தடத் தேடலில் நூலின் மையப்பொருள் மறைந்துபோகிறது. மணவறையில் கிறித்து தோமாவின் உருவில் தோன்றி, மணமக்களை இல்லறம் துறக்கச் செய்கிறார். மிக்தோனியா கணவனைப் பிரிகிறாள். அத்துறவே தோமாவின் கொலைக்கு இட்டுச்செல்கிறது. தோமா என்னும் பெயருக்கு ‘இரட்டையர்’ என்று பொருள். இந்நூலில் அவர் இயேசுவுக்கே இரட்டையராகிறார். உடலுறவைத் துறத்தலை மீட்பின் வாயிலாகக் கருதிய, எண்ணெய்ப் பூசுதலுக்குத் திருமுழுக்கில் முதன்மை தந்த சிரியாக் கிறித்தவத்திற்கு இந்நூல் நேர்ச்சான்று. கிறித்தவம் தொடக்கத்தில் ஒருமுகமாக இருந்தது என்ற எண்ணத்தை அது மறுக்கிறது. இந்தியா அங்கே உலகின் தொலைவெல்லை. துறவின் செய்தி சென்றடையும் கடைக்கோடி.

முடிவுரை

‘தோமாவின் பணிகள்’ 3ஆம் நூற்றாண்டு எதெசாவுக்கு முதல்நிலைச் சான்று. முதல் நூற்றாண்டு இந்தியாவுக்கு அது வழிவழிக் கேள்வி மட்டுமே. இவ்வேறுபாட்டை ஏற்பதால் தென்னகக் கிறித்தவத்தின் பழமை குறைந்துவிடாது. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் மிளகு நாட்டில் கிறித்தவர்களைக் குறிப்பிடுகிறார். 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்துத் தேவாலயத்திற்கு வழங்கப்பட்ட உரிமைகளைப் பகலவி, அரபு, யூத-பாரசீகக் கையொப்பங்களுடன் பதிவு செய்கிறது. ஒரு சமூகத்தின் வரலாறு இத்தகைய சான்றுகளின்மீது உறுதியாக நிற்கையில், ஒரு மன்னரின் பெயரின்மீது அதன் முழுப் பாரத்தையும் ஏற்றத் தேவையில்லை.