துறை கடந்த வினா: ஷ்ரோடிங்கரின் ‘உயிர் என்பது யாது?’

இயற்பியலறிஞர் எர்வின் ஷ்ரோடிங்கர் 1943இல் டப்ளினில் ஆற்றிய பொழிவுகள் 1944இல் ‘உயிர் என்பது யாது?’ எனப் பொருள்படும் ஆங்கில நூலாயின. மரபுப்பொருள், ஒரே அமைப்பு மீளமீள வாராத படிகம் போன்றது. உயிரியின் வளர்ச்சித் திட்டம் அதனுள் குறியீடாய்ப் பொதிந்துள்ளது என்பன அந்நூலின் மையக் கருத்துகள். அதன் சரியான கருத்துகள் முன்னரே அறியப்பட்டவை, புதியவற்றுட் பல பிழையானவை எனப் புரத அமைப்பாய்வாளர் மேக்ஸ் பெரூட்ஸ் 1987இல் மதிப்பிட்டார். இம்மதிப்பீட்டை மறுத்தல் எளிதன்று. எனினும் அது விடைகளை மட்டுமே அளக்கிறது. 1953இல் டி.என்.ஏ.வின் இரட்டைச்சுருள் அமைப்பை வெளியிட்ட விலங்கியல் பயின்ற வாட்சனும் இயற்பியல் பயின்ற கிரிக்கும் தம்மை இத்துறைக்கு ஈர்த்தவற்றுள் இந்நூலையும் சுட்டியுள்ளனர். பிறதுறை புகுவோரின் விடை பிழைபடலாம். அவர்தம் வினா அத்துறைக்குப் புதிய ஆய்வாளரைக் கொணர்கிறது. துறையிடை ஆய்வுகளை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் வேறுவேறாக நிறுத்தல் வேண்டும்.