மறையாத இரும்புக்கை

சாரல் பொழிந்த ஒரு மாலைப்பொழுதில், இலஞ்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஸ்பைடர் கதையொன்றைப் படித்துக்கொண்டிருந்த என் தமக்கை மகன், திடீரெனத் தலைநிமிர்ந்து, “மாமா, இவன் கொள்ளையடித்ததையெல்லாம் உடையவர்களிடம் திருப்பிக் கொடுத்தானா?” என்று வினவினான். இத்தனை ஆண்டுகளாக அக்கதைகளைப் படித்தும் இக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

தென்காசிப் பிள்ளைகளுக்குச் சிவகாசி தொலைவன்று. பட்டாசும் தீப்பெட்டியும் வரும் அவ்வூரிலிருந்தே படக்கதைகளும் வந்தன. 1972-இல் தோன்றிய முத்து காமிக்ஸின் முதல் இதழில் இரும்புக்கை மாயாவி. 1984-இல் தோன்றிய லயன் காமிக்ஸின் முதல் இதழில் மாடஸ்டி. அதே ஆண்டில் ஸ்பைடர். பிரிட்டிஷ் இதழ்களில் பிறந்த இம்மூவருமே முன்னாள் குற்றவாளிகள்! நம் பிள்ளைகளுக்கு வீரத்தைக் கற்பிக்க வந்தவர்கள் திருந்தியவர்களாகவே அமைந்தது வியப்புத்தான்.

ஸ்பைடர் 1965-இல் தோன்றியபோது குற்றவுலகின் மன்னனாகும் வேட்கை கொண்டவன். பூட்டுடைப்பதில் கைதேர்ந்த ஆர்டினியையும், அறிவைத் தீமைக்கு ஈந்த பேராசிரியர் பெல்ஹாமையும் துணைசேர்த்துக் கொண்டான். பின்னர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் கதையெழுதிய காலத்தில், இக்கூட்டம் குற்றவாளிகளை வேட்டையாடும் அணியாயிற்று. ரெக் பன்னின் கோடுகளில் அந்தக் கூர்ங்காதுகளும் வலைத்துப்பாக்கியும் இன்றும் கண்ணைப் பறிக்கின்றன. ஆயினும், இவர்கள் ஏன் மாறினர்? நான் படித்தவரையில் வருத்தத்தினால் அன்று. எத்தர்களை வெல்வதே தன் ஆற்றலுக்கேற்ற சவால் என்னும் செருக்கே ஸ்பைடரை மாற்றியது. அணி என்பதும் பெயரளவில்தான்: ஒருவன் ஆணையிடுகிறான், இருவர் அஞ்சி ஓடுகின்றனர். அஞ்சித் திருந்தியவனைத் திருந்தியவன் என்பதா, அடங்கியவன் என்பதா? மாடஸ்டியோ, கூட்டத்தைக் கலைத்துவிட்டுச் சேர்த்த செல்வத்தோடு ஓய்வுபெற்றவள். அச்செல்வம் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

வழிப்பறிக்காரராயிருந்து இறைநேசராய் உயர்ந்த ஃபுளைல் இப்னு இயாழ் அவர்களின் வரலாற்றை நம் வீடுகளில் அறியாதார் சிலரே. பொருளைப் பறிகொடுத்தோரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கோரினார் என்பதே அவ்வரலாற்றின் உயிர். மனிதர்க்குரிய கடனைத் தீர்க்காத தவ்பா நிறைவுறாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஸ்பைடரிடம் ஐயம் எழுந்தது இயல்பே.

இம்மூவருள் இரும்புக்கை மாயாவியே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறான். 1962-இல் ‘வேலியன்ட்’ இதழில் பிறந்தவன். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசுஸ் ப்ளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக்கை பூண்ட லூயி கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும் ஆற்றல் பெற்று, முதலில் கொள்ளையனாகிறான். பின்னர் உளவு அமைப்பொன்றில் நாட்டுக்காக உழைக்கிறான். உடல் முழுதும் மறைந்தாலும் அந்தக் கை மட்டும் மறைவதில்லை. தீமை செய்த அதே கையே, நன்மை செய்யும்போதும் அந்தரத்தில் தனித்துத் தெரிகிறது. பழைய வாழ்வைப் பற்றி வசனம் ஏதுமின்றியே, படத்துக்குப் படம் அதை நினைவூட்டும் இவ்வமைப்பு, படக்கதைக்கே உரிய ஆற்றல்; உரைநடையில் இதனை எழுதிக்காட்டப் பல பக்கங்கள் வேண்டும். கதையாசிரியர் கருதிச் செய்தாரோ, தற்செயலோ, அறியேன்.

மருமகனிடம் மாயாவியைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் புத்தகத்தைத் திருப்பித் தந்தவன், “மாமா, இவர் அந்தக் கையில் உறை மாட்டிக்கொள்வது எதற்காக?” என்றான்.