பெயரேடும் அதன் காவலும்

தேயிலைத் தோட்டத்தின் நிருவாகம் பெயரேட்டிலிருந்தே தொடங்குகிறது. கொட்டகலையைச் சூழ்ந்த தோட்டங்களிற் காலையிற் பிரட்டுக்களத்துக்கு வந்து நின்ற ஒருவரின் பெயர் செக்ரோலில் விழாதொழியின், அந்நாட் சம்பளம் அவருக்கு இல்லை. ஆளினும் ஏடு வலிது என்னும் இவ்வுண்மை கணினியுலகுக்கும் பொருந்தும். பல கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பெற்ற பாடசாலையிலோ அலுவலகத்திலோ, உள்ளே நுழையத் தக்கவர் யார், எக்கோப்பு எவருக்குரியது என்பவற்றை வரையறுக்கும் பெயரேட்டை ஒரு தனிக் கணினி காத்து நிற்கின்றது. டொமைன் கொன்ட்ரோலர் என வழங்கும் அதனைக் காவற்கணினி எனல் தகும். லினக்ஸில் இயங்கும் சம்பா என்னும் மென்பொருள், விண்டோஸ் கணினிகளுக்கு இக்காவற்பணியைச் செய்ய வல்லது. அதனைப் போற்றுவோர் பெரும்பாலும் முதற்கண் எடுத்துக் கூறுவது அது விலையின்றிக் கிடைக்கும் என்பதையே. அதன் சிறப்பு அவ்வளவுதானா என்பது ஆராயத்தக்கது.

சம்பா என்பது ஈண்டு நெல்லின் பெயரன்று. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அம்மூன்று எழுத்துக்களையும் அவ்வரிசையிற் கொண்ட சொல்லொன்றை அகராதியிலே தேடியதன் விளைவே இப்பெயர். கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அன்ட்ரூ டிரிட்ஜல், 1991ஆம் ஆண்டின் இறுதியில் இப்பணியைத் தொடங்கினார். அம்மொழியின் இலக்கணம் முழுமையாகக் கையிற் கிடையாத நிலையில், இரு கணினிகள் தமக்குள் உரையாடுவதைக் கூர்ந்து கேட்டு, அதன் விதிகளை ஒவ்வொன்றாக உய்த்துணரும் முறை கையாளப்பட்டது. பிரெஞ்சு மொழி அறியாத ஒருவர் பிரான்சு நாட்டு உணவுச்சாலையில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் பணியாளர் கொணர்வதையும் கண்டு அம்மொழியைக் கற்பதற்கு இதனை அவர் ஒப்பிட்டார். இலக்கியத்தினின்று இலக்கணம் எடுக்கப்படும் என்னும் கொள்கையில் வளர்ந்த தமிழ் மாணவர்க்கு இம்முறை புதியதன்று.

எனினும் கேள்வியறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அக்டிவ் டிரெக்டரி என்னும் புதிய ஏட்டுமுறையைப் புகுத்தியபோது, சம்பா பின்தங்கிற்று. கணினிகள் உரையாடும் விதிகளைப் பிறரும் அறியத் தருதல் வேண்டுமென ஐரோப்பிய ஆணைக்குழு 2004இல் அந்நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. 2007 செப்டெம்பரில் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசெம்பரில் பத்தாயிரம் யூரோ செலுத்தி அவ்விதிகளின் விளக்கங்களைப் பெறச் சம்பா குழுவினர்க்கு வழி பிறந்தது. அக்டிவ் டிரெக்டரியின் காவற்கணினியாய் நிற்கவல்ல சம்பா நான்காம் பதிப்பு 2012 டிசெம்பரில் வெளிவந்தது. தனியொருவர் உழைப்பிற் பிறந்த நூல் பலர் உழைப்பாலும் நீதியின் துணையாலும் முற்றுப்பெற்றது எனல் மிகையாகாது.

இந்நூலின் அமைப்பு மூன்று உறுப்புக்களை உடையது. பெயர்களை அடக்கிய ஏடு ஒன்று. கணினிகளுக்கு வழிகாட்டும் பெயர்த்தீர்வுச் சேவை ஒன்று. கடவுச்சொல்லைச் சோதித்து நுழைவுச்சீட்டு வழங்கும் கேர்பரோஸ் ஒன்று. கிரேக்கர் கதையிற் கீழுலக வாயிலைக் காக்கும் முத்தலை நாயின் பெயரே மூன்றாவதற்கு இடப்பட்டது. லினக்ஸ் கணினி ஒன்றில் இவற்றை நிறுவுதல் சில கட்டளைகளில் முடிந்துவிடும். பின்னர் ஒவ்வொரு விண்டோஸ் கணினியும் அவ்வழிகாட்டியை நோக்குமாறு அமைக்கப்பட்டு ஆள்களத்திற் சேர்க்கப்படும். அதன்பின் மாணவர் ஒருவர் எக்கணினியின்முன் அமரினும் ஒரே பெயராலும் ஒரே கடவுச்சொல்லாலும் நுழையலாம்.

இனி இதன் குறைகளையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். விண்டோஸின் ஹோம் பதிப்பு எந்த ஆள்களத்திலும் சேராது. ஆதலின் நன்கொடையாக வந்த கணினிகள் பல வாயிலிலேயே நின்றுவிடக்கூடும். காவற்கணினிகள் இரண்டு இருப்பின், பொதுக் கொள்கைகளைக் கொண்ட கோப்புறையைச் சம்பா தானாகவே ஒன்றிலிருந்து மற்றதற்குப் படியெடுப்பதில்லை. அதற்கு வேறு ஏற்பாடு செய்தல் வேண்டும். கேர்பரோஸோ காலத்திற் கண்டிப்புடையது: இரு கணினிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபடின், சரியான கடவுச்சொல்லையும் அது ஏற்காது. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களும் இருந்தன. உள்ளிருக்கும் சிறு மின்கலம் தேய்ந்த பழைய கணினி அத்தகைய நாளிற் காலத்தை மறந்தே கண் விழிக்கும். மலைநாட்டுப் பாடசாலைக்கு இது சிறு குறை அன்று.

விலையைப் பற்றிய புகழுரையும் முழுதும் மெய்யன்று. மைக்ரோசொஃப்ட் முறையிற் காவற்கணினிக்கும், அதனை அணுகும் ஆளுக்கோ கருவிக்கோ தனித்தனி உரிமத்துக்கும் பணம் செலுத்தல் வேண்டும். சம்பா இச்செலவை நீக்குகின்றது. ரூபாவின் மதிப்பு 2022இல் வீழ்ந்தபின் இது பெருந்தொகையே. ஆயினும் மாணவர்முன் இருக்கும் விண்டோஸ் கணினிகளுக்குரிய உரிமம் எஞ்சியே நிற்கும். அன்றியும், உரிமத்திற் குறைந்தது உழைப்பிற் கூடும். பாதுகாப்புக் குறைகள் வெளிப்படுந்தோறும் மென்பொருளைப் புதுப்பித்தற்கு ஒருவர் வேண்டும். எல்லாம் அறிந்த அவ்வொருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், ஏடு பூட்டியபடியே கிடக்கும். பிறநாட்டு நிறுவனத்தின் கையிலிருந்த திறவுகோல் ஒரு தனியாளின் கைக்கு மாறியது மட்டுமே அங்கு நிகழ்ந்த மாற்றமாம்.

பெயரேட்டின் வன்மையை மலையக மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாட்டின் ஏட்டிற் பெயரற்றவராயினர். எஞ்சியோரின் குறை தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. கணினியின் ஏட்டை அதனோடு நிகராக்குதல் பொருந்தாது. ஆயினும், தம்மைப் பற்றிய ஏட்டைத் தாமே படிக்கவும் திருத்தவும் காக்கவும் இயலுதல் ஒரு சமூகத்துக்கு எத்துணை வேண்டப்படுவது என்பது அவ்வரலாற்றால் விளங்கும். சம்பாவின் மூலநிரல் எவரும் வாசிக்கத் திறந்திருக்கின்றது. ஆள்களம் முழுவதையும் ஒரு கட்டளையாற் படியெடுத்து வேறிடத்தில் வைத்தலும் இயலும். அதன் மெய்யான சிறப்பு விலையின்மையன்று. ஏட்டை உரியவர் கையிற் கொடுத்தலேயாம்.

அக்கை பயிலாத கையாயின் சிறப்பும் பயனற்றதாகும். கொட்டகலைப் பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை உருவாக்கும் நிலையம். காவற்கணினி ஒன்றை நிறுவிக் காக்கும் கலை அத்தகைய இடத்தில் ஆசிரிய மாணவர்க்குப் பயிற்றப்படின், அது பாடசாலைதோறும் பரவும். இருவரேனும் அறியாத திறவுகோல் ஒன்றும் இருத்தலாகாது. செய்த ஒவ்வோர் அமைப்பும் தமிழில் எழுதிவைக்கப்படல் வேண்டும். படியெடுத்த ஏட்டை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்திற் சம்பாவை நிறுவுதலினும் நிறுவாது விடுதலே நன்று. இவை உள்ள இடத்தில், பழைய கணினி ஒன்றும் பயின்ற ஆசிரியர் இருவருமே ஒரு பாடசாலையின் ஏட்டைக் காக்கப் போதியவராவர்.