ஸ்காட்லாந்தின் விக்டோரியா கால வாயில்மனைகள்: ஒரு மதிப்பீடு

வாயில்மனை என்பது பெரிய எஸ்டேட்டின் நுழைவாயிலை ஒட்டி, வாயிற்காவலரும் அவர் குடும்பமும் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்ட சிறிய வீடு ஆகும். ஆங்கிலத்தில் இதை 'கேட் லாட்ஜ்' என்பர். நம் ஊரில் லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி. இங்கே அந்தப் பொருள் இல்லை. விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) ஸ்காட்லாந்தில் இவ்வகை வீடுகள் ஏராளமாக எழுந்தன.

பாணி

அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது 'ஸ்காட்டிஷ் பரோனியல்' பாணி. 16, 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை வீடுகளின் கூறுகளை இது மீண்டும் கையாண்டது. ராபர்ட் வில்லியம் பில்லிங்ஸ் 1845 முதல் 1852 வரை வெளியிட்ட பழங்கட்டடச் சித்திரத் தொகுதிகள் கட்டடக் கலைஞர்களுக்கு மாதிரிகளைத் தந்தன. 1856இல் கட்டி முடிக்கப்பட்ட பால்மோரல் மாளிகை இப்பாணிக்கு அரச மதிப்பை அளித்தது.

மாளிகையின் அலங்காரங்கள் சிறிய அளவில் வாயில்மனையிலும் இடம்பெற்றன. கூரையின் இருபுறமும் படிப்படியாக ஏறும் முக்கோணச் சுவர், கூம்புக் கூரையுடன் மூலையில் ஒட்டிய சிறு கோபுரம், வாசலுக்கு மேல் உரிமையாளரின் குலச் சின்னம் ஆகியவை பரவலாகக் காணப்படும். அந்தப் படிகளுக்கு 'கார்பி படி' என்று பெயர். ஸ்காட்ஸ் மொழியில் கார்பி என்றால் காகம்.

மதிப்பீடு

இவ்வீடுகளின் பலம் முகப்பில் இருக்கிறது. முன்தள்ளிய ஜன்னலில் நின்றால் சாலையின் இருபக்கமும் தெரியும். காவல் வேலைக்கு அது பொருத்தமானது. உள்ளூர்க் கல்லும் ஸ்லேட் கூரையும் எஸ்டேட்டின் மதில், மரங்கள் ஆகியவற்றோடு இயல்பாக இணைகின்றன.

பலவீனம் உள்ளே இருக்கிறது. வட்டக் கோபுரத்தின் வளைந்த சுவரை ஒட்டிக் கட்டிலோ அலமாரியோ போட முடியாது. சாய்ந்த கூரைக்குக் கீழுள்ள மாடி அறையில் நடுப்பகுதியில் மட்டுமே நிமிர்ந்து நிற்கலாம். இத்தனைக்கும் அக்காலக் கலைஞர்களுக்கு வீட்டு அமைப்புத் தெரியாமல் இல்லை. வில்லியம் பர்ன் தம் மாளிகைகளில் குடும்பத்தாரின் தனிமைக்கும் பணியாளர் நடமாட்டத்துக்கும் தனித்தனி வழி வகுத்துப் புகழ்பெற்றவர். மாளிகைக்குக் கிடைத்த அத்தகைய கவனம் வாயில்மனைக்கு அரிதாகவே கிடைத்தது.

டீ நதிப் பள்ளத்தாக்கின் கிளென் டானர் எஸ்டேட் வாயிலில் உள்ள 'டவர் ஓ எஸ்' இப்போக்கின் உச்சம். அது குடிலாகத் தோன்றாமல் ஒரு கோட்டைக் கோபுரமாகவே நிற்கிறது. எஸ்டேட்டின் உரிமையாளர் வில்லியம் கன்லிஃப் புரூக்ஸ், மான்செஸ்டர் வங்கியாளர். படையெடுத்து வர எவரும் இல்லாத காலத்தில் கோட்டை எதற்கு? புதிய செல்வத்துக்குப் பழைய பரம்பரையின் தோற்றம் தேவைப்பட்டது என்பதே பொருத்தமான விடை.

எனினும் ஒருதலையாகத் தீர்ப்புக் கூறலாகாது. 1861ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் ஜன்னல் உள்ள அறைகளும் எண்ணப்பட்டன. பெரும்பாலான வீடுகள் ஓரறை அல்லது ஈரறை கொண்டவை என்று அது காட்டியது. அந்நிலையில் உறுதியான கல் வீடும், தனி அடுப்பும், இரண்டு மூன்று அறைகளும் ஒரு தொழிலாளர் குடும்பத்துக்குச் சிறிய பேறு அல்ல. ஆனால் அந்த வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

ஆகவே நல்ல வாயில்மனை எது என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு: அலங்காரம் குடியிருப்பைக் கெடுக்காதிருக்க வேண்டும். கோபுரம் இல்லாமல், ஆழமான வாசல் திண்ணையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட அடக்கமான வீடுகளே இதில் தேறுகின்றன.

இன்றைய நிலை

இன்று பல வாயில்மனைகள் விடுமுறை வாடகை வீடுகளாக உள்ளன. சிறந்தவை ஏ, பி, சி என்ற பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அந்தப் பாதுகாப்பு வெளித்தோற்றத்துக்கு மட்டுமன்றி உட்புறத்துக்கும் பொருந்தும். மாணவர்களும் அவ்வாறே பார்க்கப் பழக வேண்டும். முகப்புப் படத்தோடு நிறுத்தாமல் தரைப்படத்தையும் எடுத்து, அடுப்பு எங்கே, படுக்கை எங்கே, பின்கதவு எங்கே என்று கேட்டுப் பார்த்தால், அந்தக் கட்டடம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பது விளங்கும்.