கைக்குள் அடங்கும் வேகம்

ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காதில் ஒரு கூர்மை தானாக வந்துவிடும். எட்டுத் தறி ஓடும்போது ஒன்றில் மட்டும் நாடா போய் வரும் தாளம் பிசகினால், அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும் அம்மா அங்கிருந்தபடியே சொல்லிவிடுவார்: "மூணாவது தறியைப் பாருடா."

அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் எங்கள் ஊரில் வண்டியையும் கேட்கிறோம். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 தாரமங்கலம் ரோட்டில் திரும்பினால், டீக்கடை பெஞ்சில் இருப்பவர் தலையைத் தூக்காமலே "ஆர்எக்ஸ் போகுது" என்பார். பக்கத்தில் இருப்பவர், "சைலன்சர் அடைச்சுக் கெடக்குது, கழட்டிச் சுத்தம் பண்ணோணும்" என்று சேர்த்துச் சொல்வார். இரண்டும் சரியாக இருக்கும்.

போன தீபாவளிக்கு அக்கா மகன் கேடிஎம் டியூக் 390 ஓட்டிக்கொண்டு வந்தான். வாசலில் அவன் வண்டிக்குப் பக்கத்தில் என் ஆர்எக்ஸ் நின்றது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கேட்டான்: "மாமா, இது இன்னுமா உங்களுக்கு வேகமாத் தெரியுது?"

நல்ல கேள்வி. வண்டியை நேசிக்கிறவன் பாசத்தைக் காட்டி மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆர்எக்ஸ் 100 இந்தியாவுக்கு வந்தது 1985 கடைசியில். ஜப்பானின் யமஹாவும் இங்குள்ள எஸ்கார்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து கொண்டுவந்த வண்டி. 1996 வரை தயாரானது. 98 சிசி, ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். மொத்த எடை 103 கிலோ. இன்று தெருவுக்குத் தெரு ஓடும் ஸ்பிளெண்டர் பிளஸ்ஸுக்கும் ஏறத்தாழ இதே அளவு என்ஜின்தான், 97.2 சிசி. அது கொடுப்பது 8 குதிரைத்திறன், எடை 112 கிலோ. 65 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால், ஸ்பிளெண்டரில் ஒரு குதிரை 22 கிலோ இழுக்க வேண்டும். ஆர்எக்ஸில் 15 கிலோ. பதினோரு வருடத்தில் தயாரிப்பு நின்றுபோன வண்டியை ஊர் ஏன் இன்னும் மறக்கவில்லை என்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஏழு கிலோவில் இருக்கிறது.

ஆனால் அவனுடைய டியூக்கில் ஒரு குதிரைக்கு ஐந்தரை கிலோதான் பாரம். 373 சிசி, 43 குதிரைத்திறன். அதன் எதிரில் என் வண்டி நேர் ரோட்டில் நிற்காது. அதை விடுங்கள், ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் பேட்டரி ஸ்கூட்டர், நின்ற இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தை 3.3 விநாடியில் எட்டும் என்கிறது கம்பெனி. சிக்னலில் பச்சை விழுந்ததும் கல்லூரிக்குப் போகும் பெண் சத்தமே இல்லாமல் என்னைத் தாண்டிப் போய்விடுகிறார். நூறைத் தொட ஆர்எக்ஸ் தவிக்கும். தொட்டாலும் அங்கே அதை வைத்திருக்கக் கூடாது.

ஆக, அளவுகோலை வைத்தால் ஆர்எக்ஸ் தோற்றுப்போன வண்டி. இதை ஒப்புக்கொள்ளாமல் அதைப் புகழ்வதில் எனக்கு விருப்பம் இல்லை.

இருந்தும் ஓட்டும்போது ஏன் வேகமாகத் தெரிகிறது? அதைத் தெரிந்துகொள்ள என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவர் முப்பது வருடமாக இந்த வண்டிகளை மட்டுமே பார்க்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிளாக்கைக் கழற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஹெட்டில் நாலு நட்டு. அதை எடுத்ததும் பிளாக்கை இரண்டு கையாலும் மேலே தூக்கினார். உள்ளே பிஸ்டன், தலையில் காப்பிப்பொடி நிறத்தில் கரி படிந்து நின்றது. "இந்த நெறம் இருந்தா பெட்ரோலும் காத்தும் சரியா சேருதுன்னு அர்த்தம்" என்றார். பிளாக்கை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். சுவரில் ஜன்னல்கள் வெட்டியதுபோல் போர்ட்டுகள். வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. பிஸ்டன் தான் ஏறி இறங்கும்போதே இந்த ஜன்னல்களை மூடித் திறக்கிறது. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் ரீட் வால்வு மட்டும் உண்டு. ஊதினால் அசையும் மெல்லிய தகடுகள். உள்ளே வரும் கலவைக்கு வழி விடும், திரும்பிப் போக விடாது. அவ்வளவுதான் அதன் வேலை.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை நெருப்புப் பிடிக்கும். இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிக்கும். 7,500 சுற்றில் விநாடிக்கு 125 முறை. அந்த 125 தட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இழையாகக் காதில் விழுவதுதான் டீக்கடைக்காரர் திரும்பாமலே கண்டுபிடிக்கும் சத்தம். முறுக்குவிசை உச்சத்துக்கு வருவது 6,500 சுற்றில், சக்தி உச்சத்துக்கு வருவது 7,500இல். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஆக்சிலேட்டரைத் திருகத் திருக வண்டி மேலே மேலே இழுத்துக்கொண்டே போகும். நம் ஊர்ப் பேச்சில் 'பிக்கப்பு' என்கிறோமே, அது இதுதான். மணிக்கட்டு அசைந்ததற்கும் பின்சக்கரம் பதில் சொல்வதற்கும் இடையில் தடுக்க எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, கனம் இல்லை.

இந்த என்ஜினில் நான் அதிகம் வியப்பது வெளியே தெரியும் பாகத்தைத்தான். சைலன்சர். புகை போகும் குழாய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் அது பாதி என்ஜின். எரிந்த புகை வெளியேறும்போது, புதிதாக வந்த பெட்ரோல் கலவையும் கொஞ்சம் அதோடு ஓடப் பார்க்கும். சைலன்சருக்குள் விரிந்து பின் குறுகும் வயிற்றில் மோதித் திரும்பும் அழுத்த அலை, ஓடப் பார்த்த கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். போர்ட் மூடுவதற்கு ஒரு நொடித் துணுக்கு முன்னால் அலை வந்து சேர வேண்டும். குழாயின் நீளமும் பருமனும் அதற்காக அளந்து வைத்தவை.

இந்தக் கலையை முறையாக வளர்த்தவர் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் பந்தயப் பிரிவில் வேலை பார்த்த பொறியாளர் வால்டர் காடன். 1950களில் சின்ன டூ ஸ்ட்ரோக் என்ஜின்களிலிருந்து யாரும் நம்பாத சக்தியை எடுத்தார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது அங்கிருந்து தப்பி மேற்கே போய், அந்த நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த வருடமே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. பிறகு ஜப்பான் கம்பெனிகள் எல்லாமே இந்த வித்தையில் கரைகண்டன. அதே சுசுகி 1984இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து நம் ஓசூருக்கு 100 சிசி டூ ஸ்ட்ரோக்கைக் கொண்டுவந்தது. மறு வருடம் ஆர்எக்ஸ் வந்தது. ஏதோ ஒரு ஜெர்மன் பட்டறையில் ஒரு மனிதர் தகரத்தை வளைத்து வளைத்துப் பார்த்ததன் பலன் நாற்பது வருடமாகத் தாரமங்கலம் ரோட்டில் கேட்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

அதனால்தான், சத்தம் பெரிதாக வர வேண்டும் என்று சைலன்சரை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உள்ளே இருக்கும் குழலை உருவி எறிகிறார்கள். போர்ட்டை ஃபைல் போட்டு அகலமாக்குகிறார்கள். மெக்கானிக் அண்ணன் அன்றைக்குச் சொன்னார்: "வாரத்துக்கு ரெண்டு பசங்க வர்றானுங்க தம்பி, போர்ட்டைப் பெருசாக்குங்கன்னு. கம்பெனிக்காரன் நூல் கணக்காப் பார்த்து வெச்சிருக்கறான். நாம அதுல கை வெச்சா கீழ் இழுவை செத்துப்போகும்னா கேக்க மாட்டேங்கறானுங்க."

இனி ரோட்டுக்கு வருவோம். வேகம் போதுமா என்பதைக் காகிதத்தில் முடிவுசெய்ய முடியாது.

ஜலகண்டாபுரத்திலிருந்து தாரமங்கலம் போகும் ரோடு. வளைவு, வேகத்தடை, நூல் மூட்டை ஏற்றிய ஆட்டோ, திடீரென்று குறுக்கே வரும் ஆடு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். இங்கே 60க்கு மேல் போகிறவன் யோசனை இல்லாதவன். 20இலிருந்து 60 வரை எத்தனை தடவை, எவ்வளவு சுளுவாக ஏறி இறங்குகிறது என்பதுதான் இந்த ரோட்டில் வண்டிக்குப் பரீட்சை. ஆர்எக்ஸ் பிறந்ததே இதற்குத்தான். ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமா, ஒரு கியர் குறைத்துத் திருகினால் முடிந்தது. டியூக் இதே ரோட்டில் பாதித் தூக்கத்தில் ஓடுகிறது. அதன் 43 குதிரையில் முப்பது லாயத்திலேயே கட்டிக் கிடக்கிறது. என்னுடைய பதினொன்றும் வேலை செய்கிறது. முழுசாகப் பயன்படும் 11 எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கொல்லிமலைக்கும் இரண்டு வண்டியையும் எடுத்துக்கொண்டு போனோம். ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வளைவுக்கு முன் கியரைக் குறைத்து, இடுப்பைச் சாய்த்தால் 103 கிலோ வண்டி சொன்ன பக்கம் விழுகிறது. திரும்பி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. மாப்பிள்ளை முன்னால் போனான், உண்மை. ஆனால் மலை மேலே சோளக்காடு ஊரில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது நானும் வந்து சேர்ந்திருந்தேன். திரும்பும்போது என் வண்டியை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். நாலைந்து வளைவு இறங்கியதும் நிறுத்திவிட்டான். "மாமா, பிரேக் எங்க?" என்றான்.

அதுதான் இந்த வண்டியின் பெரிய குறை. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஆக்சிலேட்டரை விட்டாலும் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, விட்டால் உருண்டுகொண்டே போகும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை அடியோடு மூடிக்கொண்டு இறங்கினால், பெட்ரோலோடு போக வேண்டிய ஆயிலும் போதுமான அளவு உள்ளே போகாது. பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பல வருடம் முன்பு அதே மலையில் எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்து விட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். மாப்பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுத்து, மீதி வளைவுகளை நானே இறக்கினேன்.

தேசிய நெடுஞ்சாலை 44இல், ஓமலூர் தாண்டித் தொப்பூர் பக்கம் இந்த வண்டியை நான் எடுத்துப் போவதில்லை. பின்னால் வரும் பஸ்ஸுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் அது ஒரு பூச்சி. மெல்லிய டயர், மங்கல் விளக்கு, போதாத பிரேக். அங்கே வேகம் போதவே போதாது. என்ஜினை மாற்றிச் சரிசெய்ய முயல்வது அதைவிட ஆபத்து.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நீலப் புகையில் எரியாத பெட்ரோலும் ஆயிலும் இருக்கிறது. அதன் வாசனை எனக்குப் பிடிக்கும் என்பதால் அது நல்லதாகிவிடாது. 1996இன் புகைக் கட்டுப்பாடுகளோடு ஆர்எக்ஸ் 100 நின்றுபோனது நியாயம்தான். ஆர்எக்ஸ் பெயரில் மறுபடி வண்டி வந்தாலும் அது நூறு சிசியில் இருக்காது, பெரிய என்ஜின் வேண்டும் என்று யமஹாவின் அப்போதைய இந்தியத் தலைவரே 2023இல் சொல்லிவிட்டார். நூறு சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்தப் பிக்கப்பைக் கொண்டுவர முடியாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆகையால் மாப்பிள்ளைக்கு என் பதில் இது. ஊர் ரோட்டில், மலை ஏற்றத்தில், அறுபது வரை, ஆர்எக்ஸ் 100 இன்றைக்கும் போதுமான வேகம் உள்ள வண்டி. அந்த எல்லைக்குள் அதைவிடக் கைக்குப் பக்கமாக இருக்கும் வண்டியை நான் இன்னும் ஓட்டவில்லை. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் டியூக்கை எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த வண்டி வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சைலன்சரை வெட்டாதீர்கள், போர்ட்டில் ஃபைல் போடாதீர்கள், நல்ல டூடி ஆயில் மட்டும் ஊற்றுங்கள், பிரேக் ஷூவைத் தேய விடாதீர்கள். அளவு கெடாத பிளாக் இப்போதே தேடித்தான் கிடைக்கிறது.