இரண்டாவது வேலைக்கு யார் தயார் செய்வது?

காஞ்சிபுரம் மாநகராட்சியின் தென்பகுதியில், பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. வெளியூர்க்காரர்கள் மகாபெரியவர் மணிமண்டபத்தைப் பார்க்க வந்து போகிறார்கள். உள்ளூர்ப் பெற்றோரின் கவலை வேறு. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளையை எங்கே அனுப்புவது? பட்டுத்தறிக்கா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்கா, கல்லூரிக்கா?

இந்தக் கேள்விக்கு அரசு சொன்ன பழைய விடை ஒன்று உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில், கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரமே பாடம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெயர் சூட்டி பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. சாதியை நிலைநிறுத்தும் திட்டம் என்பதே அன்றைய முக்கியமான எதிர்ப்பு, அது நியாயமானது. ஆனால் திட்டத்துக்குள் இன்னொரு பிழையும் இருந்தது. அப்பன் செய்யும் தொழில் பிள்ளை வளர்ந்த பிறகும் அப்படியே இருக்கும் என்று அது நம்பியது. எதிர்த்து நின்ற அண்ணாவே காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைதான். பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படித்தவர்.

தறி எதையும் கற்றுத்தரவில்லை என்று சொன்னால் அது அநியாயம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்ய இழைக் கணக்கு வேண்டும், கண் வேண்டும், பொறுமை வேண்டும். ஜக்கார்டு வந்தபோது நெசவாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அதற்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் போடும் காலம் வந்தபோதும் பழகிக்கொண்டார்கள். நடுவயதில் புதுக் கருவியைப் பழகும் திறமையை எந்தப் பள்ளியும் அவர்களுக்குப் போதிக்கவில்லை.

அந்தப் படிப்புக்குக் கொடுத்த விலைதான் கொடுமை. கோர்வைச் சேலைக்குத் தறியின் மறுபக்கத்தில் நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய குழந்தை. முன்பணம் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகள் காஞ்சிபுரத் தறிகளில் கட்டுண்டு கிடந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் விரிவாகப் பதிவு செய்தது. கைத்திறன் வந்தது, எழுத்தும் கணக்கும் வரவில்லை. பட்டுக்கும் சரிகைக்கும் விலை ஏறி, விசைத்தறிச் சேலை போட்டிக்கு வந்தபோது, தறியை விட்டு வெளியேற அவர்களுக்கு வழி தெரியவில்லை.

சரி, தறியை விட்டுக் கம்பெனிக்குப் போனவர்கள் தப்பித்தார்களா?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பிளஸ் டூ முடித்த இளம்பெண்கள் அவர்களில் நிறையப் பேர். கிராமத்துக் குடும்பங்களுக்கு அது கௌரவமான சம்பளம், சீருடை, வாசலுக்கு வரும் பஸ். எட்டே ஆண்டுகள். வருமான வரி வழக்கில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டதால், நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட்டுக்கு அது கைமாற முடியவில்லை. பொத்தான் போனுக்கும் சந்தை சரிந்துகொண்டிருந்தது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. பாகம் பொருத்தும் வரிசையில் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்தவர் அந்த அனுபவத்தை எங்கே கொண்டு போய்க் காட்டுவார்? 2019இல் அந்த இடத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கி, பின்னர் சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. ஆலைக்கு மறுபிறவி கிடைத்தது. பழைய தொழிலாளிக்கு அதற்குள் ஐந்து வயது கூடிவிட்டது. கம்பெனிகளோ இருபது வயதுக்காரர்களைத் தேடுகின்றன.

தேர்ந்த தொழிலாளர்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2021 செப்டம்பரில் மூடல் அறிவிப்பு வெளியிட்டு, 2022இல் கடைசிக் காரை வெளியே அனுப்பியது.

இந்தப் பின்னணியில்தான் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தை எடைபோட வேண்டும். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டல், கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி, குடிமைப்பணித் தேர்வர்களுக்கு உதவித்தொகை எல்லாம் உண்டு. இதையொட்டி, டாட்டா டெக்னாலஜிஸ் கூட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை ரூ.2,877 கோடியில் நவீனப்படுத்தும் பணியும் நடந்தது. 2023 ஜூனில் அதன் தொடக்க விழா நடந்ததும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில்தான். ரோபோவும் மின்வாகனமும் அரசு ஐ.டி.ஐ. மாணவரின் கைக்கு எட்டுவது சாதாரண விஷயமல்ல. அப்பா தறிக்காரர் என்பதால் எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு வழிகாட்டல் நிகழ்ச்சியே பெரிய வரம். குலக்கல்விக்கு நேர் எதிர்த்திசையில் வைத்த அடி இது.

குறை எங்கே? திறன் பயிற்சி இன்றைய கம்பெனியின் இன்றைய தேவையைப் பார்த்து வகுக்கப்படுகிறது. மாணவர் முதல் வேலையில் சேர்வதோடு கணக்கு முடிகிறது. 2006இல் இதே போன்ற பயிற்சி இருந்திருந்தால், நோக்கியாவுக்கு ஏற்ற ஆளை அது அருமையாகத் தயாரித்திருக்கும். 2014 நவம்பர் 2ஆம் தேதிக்கு எதையும் தந்திருக்காது. வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையை மேடையில் அறிவிப்பதை விட, அவர்கள் ஐந்து ஆண்டுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதே இத்திட்டத்துக்கு நேர்மையான தேர்வு.

முதல் வேலை போன பிறகு தேடும் இரண்டாவது வேலைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் பழைய சரக்குதான்: பிழையில்லாமல் வாசிப்பது, கணக்கு, தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பது. அங்கேதான் அடித்தளம் ஆடுகிறது. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வின் 2022 அறிக்கைப்படி, தமிழகக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 4.8 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பாதிப்பு அதில் உண்டு. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததும் அதற்காகத்தான். ஆனால் 2018இலும் அந்த எண் 10.2 சதவீதமே. ஒரகடத்து ரோபோவுக்குக் கிடைக்கும் விழா மேடை, மூன்றாம் வகுப்பு வாசிப்புக்கு ஏனோ கிடைப்பதில்லை.

இன்னொரு ஓட்டையை அடைப்பது இதைவிடச் சுலபம். தமிழக அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. தறியை விட்டவரும் ஆலையில் வேலை போனவரும் திரும்பப் படிக்க விதி தடையில்லை. தடையாக இருப்பது பகல்நேர வகுப்பும், மாதம் ரூ.750 உதவித்தொகையும்தான். குடும்பம் நடத்தும் முப்பத்தைந்து வயதுக்காரர் அதை நம்பி வேலையை விட்டு வர முடியாது. ஒரகடம் ஐ.டி.ஐ.யின் புது இயந்திரங்களில் அவருக்கு மாலை வகுப்பு நடத்த அரசு முன்வர வேண்டும். படிக்கும் மாதங்களுக்கு அரைச் சம்பள அளவிலாவது உதவித்தொகையும் தர வேண்டும். அதில் ஒரு பங்கை, பயிற்சி பெற்ற ஆட்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனிகளிடமே கேட்கலாம்.