இரவல் இணையத்தின் வரவும் செலவும்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் சிலை மாதிரிகளை டேப்பில் காட்டி விலை பேசுகிறவர், கோவளத்தில் நாலைந்து அறை வைத்து விடுதி நடத்துகிறவர், திருக்கழுக்குன்றத்தில் மகளை ஆன்லைன் பயிற்சி வகுப்பில் உட்காரவைக்கும் தாய், செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போய்வரும் கல்லூரி மாணவர். இவர்கள் எல்லாருடைய டேப்பும் பெரும்பாலும் ஒரே வழியில்தான் இணையத்துக்குப் போகிறது. சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கும் போனில் ஹாட்ஸ்பாட் போடுகிறார்கள். டேப்புக்கு நெட் கிடைத்துவிடுகிறது. தனி மனிதரின் தேவைக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு பள்ளியோ அலுவலகமோ தொழிலோ இதையே தன் அன்றாட இணைப்பாக வைத்துக்கொண்டால், அதன் செலவு சுமக்கக் கூடாதவர் தலையில் விழுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

போனை வைஃபை நிலையமாக மாற்றும் வசதி ஆண்ட்ராய்டில் 2010இலும் ஐபோனில் 2011இலும் வந்தது. இங்கே அது வீடுதோறும் பழகியது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான். சிம் போடும் வசதியுள்ள டேப்பைவிட வைஃபை மட்டும் உள்ள டேப் விலை குறைவு. அதோடு, 28 நாள் திட்டத்தில் ஓர் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். இன்னொரு சிம் என்றால் இன்னொரு 13 முறை. ஏற்கெனவே வாங்கிய டேட்டாவை இரண்டு கருவிகள் பகிர்ந்துகொள்வது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய சேமிப்பு. இதுவே இந்தப் பழக்கத்தின் முதல் பலம்.

இணைக்கும் வழிகள் மூன்று. வைஃபை ஹாட்ஸ்பாட்தான் வேகமும் எளிமையும் கொண்டது. அதிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. முன்னது சுவர் தாண்டிப் போகும். ஆனால் ஊரப்பாக்கம், மறைமலை நகர் அடுக்ககங்களைப் போல வீட்டுக்கு வீடு ரூட்டர் இருக்கும் இடத்தில் நெரிசலில் திணறும். பின்னது வேகமானது, தூரம் குறைவு. போனும் டேப்பும் ஒரே மேசையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது.

இரண்டாவது, கேபிள் வழி. யுஎஸ்பி இணைப்பில் வைஃபை அலையே வேண்டாம் என்பதால் போன் குறைவாகச் சூடாகும், இணைப்பும் நிலையாக இருக்கும், பக்கத்தில் இருப்பவர் நுழையவும் முடியாது. குறையும் உண்டு. எல்லா டேப்பும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. ஏற்றுக்கொள்ளும் டேப் பெரும்பாலும் தன் பேட்டரியிலிருந்தே போனுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். மேசையில் உட்கார்ந்து தேர்வு எழுதவோ நேர்காணலில் பேசவோ இது ஏற்றது. வெயிலில் நடந்து வேலை செய்கிறவருக்கு ஒத்துவராது.

மூன்றாவது புளூடூத். பலரும் மறந்துவிட்ட வழி இது. இதன் உச்ச வேகமே நொடிக்கு 3 மெகாபிட்தான், நடைமுறையில் இன்னும் குறைவு. வீடியோவுக்கு உதவாது. ஆனால் மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகும். மின்னஞ்சல் பார்க்க, வாட்ஸ்அப் செய்தி அனுப்ப, படிவம் நிரப்ப இது போதும். பேட்டரி கடைசி மூச்சில் இருக்கும்போது ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு புளூடூத்துக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

இனி குறைகள். முதலாவது டேட்டா விரயம். டேப்பில் உள்ள பல செயலிகள் வைஃபை என்றாலே வரம்பில்லாத இணைப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. புகைப்படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றுவதும், செயலிகளைப் புதுப்பிப்பதும், வீடியோவை உயர்ந்த தரத்தில் ஓட்டுவதும் கேட்காமலே நடக்கும். ஆண்ட்ராய்டு போனிலிருந்து ஆண்ட்ராய்டு டேப்புக்குக் கொடுத்தால், இது அளவான இணைப்பு (metered) என்று டேப் பெரும்பாலும் தானே அறிந்துகொள்ளும். வேறு கருவிகள் கலந்தால் அந்த உறுதி இல்லை. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்ற திட்டத்தில் அது தீர்ந்ததும் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 1 எம்பி அளவுள்ள ஒரு படம் வர 2 நிமிடம் ஆகும். மகளின் வகுப்பு பாதியில் நிற்பதோடு, தாயின் பணப் பரிமாற்றமும் அதே நேரத்தில் நின்றுபோகும். பகிர்ந்துகொண்ட வசதி, பகிர்ந்துகொண்ட இழப்பாகவும் ஆகிறது.

இரண்டாவது, அழைப்பு. இரட்டை சிம் போன்கள் பெரும்பாலானவற்றில் ஒரு சிம்மில் டேட்டா ஓடும்போது மற்றதில் அழைப்பு வந்து எடுத்துவிட்டால் டேட்டா தடைப்படும். போன் வெளியே போனால் டேப்பின் இணையமும் கூடவே போகும். தகப்பனார் வேலைக்குக் கிளம்பியதும் பிள்ளையின் படிப்பு நிற்கும் வீடுகள் உண்டு. மூன்றாவது, வெப்பம். இந்தக் கடற்கரையின் சித்திரை வெயிலில் மணிக்கணக்கில் ஹாட்ஸ்பாட் ஓடினால் போன் கொதிக்கும், பேட்டரியின் ஆயுளும் குறையும். நான்காவது, கடவுச்சொல். குறைந்தது 8 எழுத்து கேட்பதால் 1 முதல் 8 வரை வரிசையாகப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்த இணைப்பில் வேறொருவர் நுழைந்து தவறாக எதையாவது செய்தால், விசாரணை முதலில் வருவது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலமும் எல்லையும் புயலில் தெரியும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட இரவில் மின்சாரம் போனால் வீட்டு பிராட்பேண்ட் ரூட்டர் உடனே செத்துவிடும். போன் மட்டும் உயிரோடு இருக்கும். அதன் வழியாக டேப்பில் வானிலை அறிவிப்பைப் பார்க்கலாம், உறவினருக்குச் செய்தி சொல்லலாம். ஆனால் செல்போன் கோபுரமும் பேட்டரியையும் ஜெனரேட்டரையும் நம்பித்தான் இயங்குகிறது. அது நின்றால் கையில் எத்தனை கருவி இருந்தும் பயனில்லை. காணும் பொங்கலன்று கடற்கரைக் கோயில் பக்கம் கூட்டம் சேரும்போது கோபுரம் நிற்காவிட்டாலும் நெரிசலில் வேகம் விழுந்துவிடும். ஹாட்ஸ்பாட் புதிய இணையம் எதையும் உண்டாக்குவதில்லை. கோபுரம் கொடுப்பதைத்தான் பங்குபோடுகிறது.

இதனால்தான் நிறுவனங்கள் இதை நம்பக் கூடாது என்கிறேன். தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கிய பிறகு வகுப்பறை மதிப்பீடுகள் செயலிக்குள் வந்தன. 2024இல் தமிழக அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கியது. அரசுப் பள்ளிகளுக்கு பிராட்பேண்ட் இணைப்புத் தரும் பணியும் நடந்தது. இது சரியான திசை. பள்ளியின் இணைப்பு பழுதாகும் நாளில் ஆசிரியர் தன் போனிலிருந்து நெட் கொடுப்பது அவருடைய பெருந்தன்மை. அதுவே மாதம் முழுக்க நடந்தால் அது அவர் சம்பளத்திலிருந்து போகும் பணம். வீடு வீடாகச் சென்று சுகாதார விவரம் பதிகிறவர், தவணை வசூலிக்கிறவர், காப்பீட்டுப் படிவம் நிரப்புகிறவர் என எல்லாருக்கும் இது பொருந்தும். டேப்பைக் கொடுத்த நிறுவனம் டேட்டாவைக் கொடுக்காவிட்டால், வேலைக்கான கருவியில் பாதியைத் தொழிலாளியே வாங்கிவரும்படி சொல்கிறது என்றுதான் பொருள். சம்பளம் குறைந்தவருக்கே இந்தச் சுமை அதிகம் வலிக்கும். மக்களின் பெயர், நோய், கடன் போன்ற விவரங்கள் தனிநபர் போனின் வழியே போவதும் நல்லதில்லை.

வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்குச் சில வார்த்தை. டேப்பின் வைஃபை அமைப்பில் ஹாட்ஸ்பாட்டை அளவான இணைப்பு என்று குறித்துவையுங்கள். ஐபேடில் லோ டேட்டா மோடைப் போடுங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெயரில் உங்கள் பெயரோ எண்ணோ வேண்டாம். கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள், யாருக்காவது கொடுத்திருந்தால் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் அணையுங்கள். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் டேப்பில் படிப்போ தொழிலோ நடக்கிறது என்றால், தனி சிம்மோ வீட்டு பிராட்பேண்டோ எடுத்துவிடுவதே கடைசியில் லாபம்.

அவசரத்துக்கும் பயணத்துக்கும் போனின் ஹாட்ஸ்பாட் மிகச் சிறந்த துணை. அன்றாட வேலைக்கு அது ஆதாரமாக முடியாது. ஊழியர் கையில் டேப்பைக் கொடுக்கும் ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு முதலாளியும் அதற்கான சிம்மையும் டேட்டாவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். முடியாத இடத்தில், ஊழியரின் ரீசார்ஜ் பணத்தை மாதாமாதம் திருப்பித் தர வேண்டும்.